திரும்பி நின்ற கேள்விக்குறி

அஸ்தம்பட்டி, சேலம்
செவ்வாய்க்கிழமை சாயங்காலம்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். தம்பிக்கு இந்த மாதம் ஷிப்டு மாற்றிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. "சரி கண்ணு, உடம்பைப் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பா கோபித்துக்கொண்டார் என்று நீ நினைத்திருப்பாய். கோபம் இல்லை. எனக்குப் போனில் பேச வராது. ஒன்று பிரசங்கமாகிவிடும், இல்லையென்றால் வாய் அடைத்துப்போகும். அதனால்தான் பேனாவை எடுத்தேன். தம்பி இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றான். வேண்டாம், தபாலிலேயே போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அயர்லாந்துக்குப் போய்ச் சேர எத்தனை நாளானாலும் சரி, இது அவசர விஷயம் இல்லை.

மூன்று மாதமாகக் கோயிலுக்குப் போகவில்லை என்றாய். நைட் டூட்டி முடித்து வந்து படுத்தால் ஜெபம் வரவில்லை, சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்றாய். வார்டில் அந்தச் சின்னப் பையன் இறந்துபோனதிலிருந்துதான் இப்படி என்று அம்மா அப்புறம் சொன்னாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் உனக்கு வசனப் படமாக அனுப்பிக்கொண்டிருக்கிறாள். சூரிய உதயம், புறா, ரோஜாப்பூ. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. நீ மியூட் போட்டு வைத்திருந்தால் அவளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்.

நான் வசனம் அனுப்பப்போவதில்லை. ஒரு வசனத்தைப் பற்றி ஒரு கதை இருக்கிறது, அதைச் சொல்லப்போகிறேன். அம்மாவுக்குப் பாதி தெரியும். உங்கள் இரண்டு பேருக்கும் சொன்னதே இல்லை. ஏனென்றால் நான் ஐந்து மாதம் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத கதை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை இழுத்து உங்களை எழுப்பிய அப்பன் அதைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று பயம்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். கதை எழுதுகிற ரைட்டர் இல்லை. காலையில் ஆள் பேர் போட்டு, சாயங்காலம் பழத்தை எடை போட்டு, யார் எத்தனை கிலோ என்று கணக்கு எழுதுகிற ரைட்டர். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறிக்கிற காலத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். ஆனால் எத்தனை அவசரமானாலும் காலையில் களத்துக்குப் போகுமுன் 121-ஆம் சங்கீதத்தைச் சொல்லாமல் செருப்புப் போடமாட்டார். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்."

பர்வதம் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். ஆறேழு வயது இருக்கும். அவர் ஜன்னலைத் திறந்து சேர்வராயன் கோயில் இருக்கிற உச்சியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். சங்கீதக்காரன் பார்த்த பர்வதமும் எங்கள் சேர்வராயனும் ஒன்றேதான் என்று மனதில் பதிந்துவிட்டது. நம்பாமல் இருக்கவும் காரணம் இல்லை. ஒத்தாசை அங்கிருந்துதான் வந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். மார்ச், ஏப்ரலில் பூமழை பெய்தால்தான் காப்பி பூக்கும். அந்த மழை உச்சியிலிருந்துதான் இறங்கிவரும். அது பொய்த்த வருஷம் தாத்தா முகத்தைப் பார்க்க முடியாது, பெய்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு மிளகும் காப்பிக்கொட்டையும் எடுத்துப்போய், அவர் கொடுத்ததையே ஏலத்தில் அவரே அதிக விலைக்கு எடுப்பார். பாட்டிக்கு இதில் கடைசிவரை சம்மதம் இல்லை.

ஐ.டி.ஐ. படிக்க இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்துக்கு வந்தபோதும் அந்த நம்பிக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலத்தில் மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். தெரிகிறவரை வீட்டில் இருப்பது மாதிரிதான்.

1989-இல் ஓமன் நாட்டு மஸ்கட்டுக்குப் போனேன். அத்தை கல்யாணக் கடன். ஏ.சி. மெக்கானிக் வேலை, மாதம் 70 ரியால். விமானம் இறங்கும்போது கீழே பார்த்தேன், மலை மலையாகத் தெரிந்தது, சந்தோஷப்பட்டேன். இறங்கிப் பார்த்தால் ஒரு புல் இல்லை. நம் ஊரில் மரமில்லாத பாறைக் குன்றைக் கரடு என்போமே, அந்த ஊரே கரடுதான். கருத்துப்போன பழுப்பு. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலுக்கு அடியில் கிடந்த பாறை மேலே தள்ளப்பட்டு மலையானது என்று பின்னாளில் படித்தேன். அப்போது எனக்குத் தோன்றியது வேறு: பர்வதம் இருக்கிறது, ஒத்தாசையைக் காணோம்.

முதல் இரண்டு வருஷம் பழுதில்லை. அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, அதனால் ஆராதனையும் வெள்ளிக்கிழமை. மஸ்கட்டின் ரூவி பகுதியில், அந்நாட்டுச் சுல்தானாக இருந்த காபூஸ் கொடுத்த நிலத்தில் கோயில் வளாகம் இருக்கிறது. ஒரே வளாகத்தில் தமிழ், மலையாளம், உருது, இங்கிலீஷ் என்று ஒன்று முடிய ஒன்று நடக்கும். அரை மணி முன்னால் போனால் நாலு மொழியிலும் ஆமென் கேட்கலாம். என் ரூம்மேட் கேரளத்துத் திருவல்லாக்காரர், மார்த்தோமா சபை. இருவரும் ஒரே டாக்சியில் போவோம்.

1991 செப்டம்பரிலிருந்து கம்பெனி சம்பளம் கொடுப்பதை நிறுத்தியது. அவர்களுக்கு மேலே இருந்த கான்ட்ராக்டர் பணம் தரவில்லையாம். எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இப்போது எதற்கு. நவம்பரில் ஒரு தந்தி வந்தது. உன் தாத்தா களத்தில் காப்பி உலர்த்துகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். வளைவுகள் முடியுமுன் உயிர் போய்விட்டது. தந்தி என் கைக்கு வந்தது மூன்றாம் நாள். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அப்படியும் போகத்தான் கேட்டேன். பாஸ்போர்ட் கம்பெனி பெட்டகத்தில் இருந்தது. வேலை முடியாமல் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உன் பெரியப்பா எழுதிய கடிதம் டிசம்பரில் வந்தது. "எல்லோரும் மண் போட்டோம். உனக்காகவும் நான் ஒரு பிடி போட்டேன்" என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. சண்டையெல்லாம் போடவில்லை. தேவன் இல்லை என்று யாரிடமும் வாதாடவில்லை. பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். திருவல்லாக்காரர் ஒவ்வொரு வெள்ளியும் சட்டை மாட்டிக்கொண்டே "வருன்னோ?" என்பார். "தலை வலிக்குது" என்பேன். ஐந்து மாதம் தலைவலி.

1992 ஏப்ரல் 10, வெள்ளிக்கிழமை. தேதி நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாகிஸ்தான் கிரிக்கெட் உலகக் கோப்பையை ஜெயித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. தொழிலாளர் கேம்பில் பாகிஸ்தான்காரர்கள் எங்களைப் பார்த்தாலே மட்டை சுழற்றுகிற மாதிரி கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ரூமுக்கு மீன் வாங்குகிற முறை என்னுடையது. ஆறு பேரின் பொதுப் பணம் இரண்டரை ரியாலை எடுத்துக்கொண்டு மத்ரா மீன் சந்தைக்குப் போனேன்.

கரையில் ஒரு கிழவர் படகுக்காரனோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். சல்வார் கமீஸ் முழுக்கப் பெயின்ட் கறை, தோளில் ஒரு பை. படகுக்காரன் ஐந்து ரியாலில் நிற்கிறான், இவர் இரண்டில் நிற்கிறார். படகுக்காரன் சலித்துப்போய் என்னைக் கை காட்டி, அவனையும் கூட்டிக்கொள், பாதிப் பாதி கொடு என்றான். எங்கே போகிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த கேம்ப் ஹிந்தியில் கேட்டேன். கல்லறைக்கு என்றார். கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம், மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சின்னக் குடாவில் இருக்கிறது, படகில்தான் போக முடியும், அங்கே லாகூர் லாட் பாதிரி, அதாவது பேராயர், படுத்திருக்கிறார் என்றார்.

யார் அந்தப் பாதிரி என்பதெல்லாம் என் காதில் ஏறவில்லை. கல்லறை என்ற சொல் மட்டும் ஏறியது. ஐந்து மாதமாக ஒரு கல்லறைக்குப் போக முடியாமல் இருந்தவன் நான். என்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மீன் காசை எடுத்துக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறிவிட்டேன்.

படகு நகர்ந்ததும் அவர் கேட்டார், நீ மசீஹியா? அவர்கள் கிறிஸ்தவனை அப்படித்தான் சொல்வார்கள். நான் "மசீஹி தா" என்றேன். கிறிஸ்தவனாக இருந்தேன் என்று அர்த்தம். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் என் ஹிந்தி தப்பு என்று நினைத்துவிட்டார். "தா நஹீ பேட்டா, ஹூன் போலோ" என்று வாத்தியார் மாதிரி திருத்தினார். இருந்தேன் இல்லை, இருக்கிறேன் என்று சொல். நானும் சரி என்று "ஹூன்" என்றேன். இலக்கணத்தைத் திருத்துகிற மனிதரிடம் என்ன விளக்குவது?

அவரை எல்லோரும் சாச்சா என்று கூப்பிடுவார்களாம், சித்தப்பா மாதிரி. நானும் அப்படியே கூப்பிட்டேன். கட்டடப் பெயின்டர். அவருடைய அப்பா லாகூர் பேராலயத்தில் தோட்டக்காரர். கோபுரத்தின் காற்றுமானியில் சேவல் உருவம் இருப்பதால் ஊரில் அதைக் குக்கட் கிர்ஜா, சேவல் கோயில் என்பார்களாம். 1887-இல் அதைப் பிரதிஷ்டை செய்தவர் தாமஸ் வால்பி பிரெஞ்ச், லாகூரின் முதல் ஆங்கிலிக்கன் பேராயர். அவருடைய கல்லறை மஸ்கட்டில் இருக்கிறது என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்த மனிதர், தானே மஸ்கட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்து நாலு வருஷமாகியும் இரண்டு ரியாலுக்குப் படகு கிடைக்காததால் போகாமல் இருந்திருக்கிறார். இந்தக் கஞ்சத்தனத்தை அவரே பெருமையாகச் சொன்னார்.

போர்த்துக்கீசியர் கட்டிய மிரானி, ஜலாலி கோட்டைகளுக்கு வெளியே தள்ளியே படகு போனது. துறைமுகத்துப் பாறைகளில் பழைய கப்பல்காரர்கள் தங்கள் கப்பல் பெயரை வெள்ளையில் எழுதி வைத்திருப்பார்கள், தூரத்திலிருந்தே தெரியும். சாச்சா அதைப் பார்த்து, மோசமான வேலை, பிரைமர் அடிக்காமல் எழுதியிருக்கிறான் என்றார்.

அந்தக் குடா ஒரு கைப்பிடி அளவுதான். மூன்று பக்கமும் செங்குத்தான கரடு, முன்னால் கடல், நடுவில் மணலும் கல்லறைகளும். பெரும்பாலும் கப்பலில் வந்து நோயில் இறந்தவர்கள். படகுக்காரன் எங்களை இறக்கிவிட்டு இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்று போய்விட்டான். சாச்சா பேராயரின் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்தார். முழங்கால் போடுவார், அழுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் பையைத் திறந்து கம்பிப் பிரஷ்ஷையும் உப்புத்தாளையும் எடுத்தார். ஒரு பிரஷ்ஷை என்னிடம் நீட்டினார். கல்லில் படிந்திருந்த உப்பையும் பறவை எச்சத்தையும் இருவரும் தேய்க்க ஆரம்பித்தோம்.

தேய்த்துக்கொண்டே அவர் பாடினார். பஞ்சாபி சங்கீதம். குரல் மகா மோசம். பஞ்சாபில் சபை மக்கள் சங்கீதங்களை ஊர் மெட்டில் பாடுகிறார்கள், இமாம்-உத்-தீன் ஷாபாஸ் என்ற கவிஞர் பாட்டாக்கிக் கொடுத்தது, வேலை முடியுமுன் அவருக்குக் கண் போய்விட்டது, பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு மீதியை முடித்தார் என்றார். இதைச் சொன்ன கையோடு மகள்களின் கல்யாணச் செலவுக்குத் தாவிவிட்டார். அந்தப் பேச்சுதான் அதிக நேரம் நடந்தது. எனக்கு மூன்று, உனக்கு எத்தனை என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்றேன். இரக்கமாகப் பார்த்தார்.

பேராயர் பிரெஞ்சின் கதையையும் அவர்தான் சொன்னார். ஊருக்குத் திரும்பி வந்து புத்தகங்களில் பார்த்தேன், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஆக்ராவில் கல்லூரி தொடங்கியவர், ஏழு மொழிப் பாதிரி என்று பேர் வாங்கியவர், பத்து வருஷம் லாகூரில் பேராயராக இருந்துவிட்டு 1887-இல் பதவியை விட்டவர். ஓய்வெடுக்க வேண்டிய வயதில், 66 வயதில், 1891 பிப்ரவரியில் மஸ்கட்டுக்கு வந்து இறங்கினார். யாரும் கூப்பிடவில்லை, பின்னால் மிஷனரிச் சங்கமும் இல்லை. கடைத்தெருவில் உட்கார்ந்து அரபியில் வேதம் வாசிப்பார். வெயிலில் விழுந்து, மே 14-ஆம் தேதி இறந்துபோனார். மூன்று மாதம்.

"எத்தனை பேர் கேட்டார்கள்?" என்றேன்.

"யாருமில்லை போல."

"அப்போ வீண்தானே?"

சாச்சா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எனக்கெப்படித் தெரியும்? நான் பெயின்டர்."

எந்தப் பதில் வந்திருந்தாலும் நான் எதிர்வாதம் வைத்திருந்தேன், கண்ணு. இதற்கு மட்டும் என்னிடம் ஒன்றும் இல்லை. அப்போதுதான் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் முழுதாகச் சொல்லாததை, பாதி வார்த்தை தெரியாத ஹிந்தியில், பகை நாட்டுக்காரர் என்று சொல்லப்பட்ட ஒருவரிடம். தந்தி, பாஸ்போர்ட், பெரியப்பா போட்ட மண், எல்லாம். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உன் அப்பா பெயர் என்ன?

சொன்னேன். உருட்டிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. மூன்றாக உடைத்து இரண்டு முறை சொல்லிப் பழகினார். அப்புறம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று ஜெபம் பண்ணினார். சுத்தப் பஞ்சாபி, எனக்கு ஒரு சொல் புரியவில்லை. நடுவில், உடைந்துபோய், தப்புத்தப்பாக, என் அப்பா பெயர் வந்தது. இன்னொரு முறை வந்தது. ஐந்து மாதமாக அந்தப் பெயரை யாரும் என் காதுபடச் சொல்லவில்லை. நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் சும்மா ஒரு பிடி மணலை அள்ளி என் கையில் கொட்டினார். இந்தப் பேராயருக்கும் அன்று மண் போடச் சொந்தக்காரன் யாரும் இருந்திருக்க மாட்டான், போடு என்றார். போட்டேன். தேய்த்துச் சுத்தம் பண்ணின கல்லின் மேலேயே போட்டுவிட்டேன், அதற்கும் திட்டு வாங்கினேன்.

படகுக்காரன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. வெயில் ஏறிவிட்டது, ஒரு பாட்டில் தண்ணீர்தான் இருந்தது. பாறை நிழலில் உட்கார்ந்து மேலே அந்தக் கரட்டைப் பார்த்தேன், வாய் தானாகத் தாத்தாவின் சங்கீதத்தை முணுமுணுத்தது. என்ன சொல்கிறாய் என்றார். பர்வதங்களிலிருந்து எனக்கு உதவி வருகிறது என்று மொழிபெயர்த்தேன். சாச்சா தலையை ஆட்டினார், தப்பு. உருது வேதாகமத்தில் அது கேள்வி. "மேரீ குமக் கஹாங் ஸே ஆயேகீ?" என் உதவி எங்கிருந்து வரும்?

இல்லை, கேள்வி இல்லை, என் அப்பா முப்பது வருஷம் சொன்னார் என்றேன். உன் அப்பாவுக்குத் தப்பான புத்தகம் கொடுத்திருக்கிறார்கள் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் புத்தகம்தான் தப்பு என்றேன். தண்ணீர் இல்லாத இடத்தில், சவக்குழிகளுக்கு நடுவில், இரண்டு பேரும் நில வழக்குக்காரர்கள் மாதிரி சண்டை போட்டோம். கடைசியில் அவர் பையிலிருந்து உருது வேதாகமத்தை எடுத்துப் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்தார். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. அடையாளம் தெரிந்தது ஒரே ஒரு குறிதான். கேள்விக்குறி. அவர்கள் வலமிருந்து இடமாக எழுதுகிறவர்கள், அதனால் அதுவும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றது.

படகு வந்தது. மத்ராவில் இறங்கி, அடுத்த வாரம் ரூவியில் பார்க்கலாம் என்று சொல்லிப் பிரிந்தோம். ரூமுக்கு மீன் இல்லாமல் போனேன். ஐந்து பேரும் என்னைக் கேட்ட கேள்விகளுக்கு எந்த வேதாகமத்திலும் பதில் இல்லை. பருப்பும் ஊறுகாயும் சாப்பிட்டோம்.

ராத்திரி திருவல்லாக்காரரை எழுப்பி மலையாள வேதாகமத்தைப் பார்க்கச் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் வாசித்தார்: "எனிக்கு சஹாயம் எவிடெநின்னு வரும்?" அதிலும் கேள்விதான். நம் பழைய தமிழில் மட்டும் கேள்வி இல்லாமல் ஓடுகிறது. 1995-இல் புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வந்தபோது முதலில் இந்தப் பக்கத்தைத்தான் திருப்பினேன். "எங்கிருந்து எனக்கு உதவி வரும்?" என்று இருந்தது. மனதுக்குள் சாச்சாவிடம் தோற்றேன். ஆனாலும் வாயில் வருவது தாத்தாவின் வாசகம்தான், அதை மாற்ற முடியாது. இரண்டாம் வசனம் எல்லா மொழியிலும் ஒன்றேதான், வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து என்று. எனக்குப் பல வருஷம் முதல் வசனத்திலேயே நிற்க வேண்டியிருந்தது.

அடுத்த வெள்ளி பெரிய வெள்ளி. திருவல்லாக்காரர் "வருன்னோ?" என்றார். சட்டையை எடுத்து மாட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அதற்காகவே அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். தமிழ் ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சிலிர்ப்பு, கண்ணீர், ஒன்றும் இல்லை. பாதி நேரம் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தைக்கு வந்தார்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" சின்ன வயசிலிருந்து வருஷா வருஷம் கேட்டதுதான். அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவும் கேள்வி. அதுவும் சங்கீதத்திலிருந்து எடுத்தது, 22-ஆம் சங்கீதம்.

உருது ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களில் சாச்சாவைத் தேடினேன். அவரைத் தூரத்து ஊரான சலாலாவுக்கு மாற்றிவிட்டதாக ஒருவர் சொன்னார். அப்புறம் பார்க்கவே இல்லை. முகவரி வாங்கவில்லை. இந்தியாவிலிருந்து பாகிஸ்தானுக்குக் கடிதம் போட்டால் இரண்டு பக்கமும் சந்தேகம் என்று அப்போது பயம். இப்போது யோசித்தால் அது கோழைத்தனம்.

ஆகஸ்டில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. சம்பள பாக்கியில் இரண்டு மாதம் வரவே இல்லை. ஊருக்கு வந்ததும் நேராக மேலே ஏறித் தாத்தா கல்லறைக்குப் போனேன். பெரியப்பா கூட வந்தார். கல்லில் பாசி பிடித்திருந்தது, ஏற்காட்டு ஈரத்துக்கு எத்தனை நாள் தாங்கும். நான் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன். பெரியப்பா, மஸ்கட்டில் இதைத்தான் கற்றுக்கொண்டாயா என்றார். ஆமாம் என்றேன்.

கண்ணு, உன்னைக் கோயிலுக்குப் போ என்று சொல்ல இதை எழுதவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. உன் கேள்வியை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று நான் ஐந்து மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை என்று எனக்கு யாராவது ஊரிலேயே சொல்லியிருந்தால், ஆறு பேர் மீன் சாப்பிட்டிருப்பார்கள்.

போன வாரம் மேலே போயிருந்தேன். காட்டெருமைகள் பெரியப்பா தோட்டத்து வேலியை மறுபடியும் சாய்த்துவிட்டன. பத்து பதினைந்து இருக்கும், காப்பிச் செடிக்கு நடுவில் நின்றுகொண்டு நம்மை முறைக்கின்றன. பெரியப்பா டார்ச் லைட்டும் கையுமாக ராத்திரி முழுக்க வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார், உன்னைப் போல நைட் டூட்டி. உனக்குக் காப்பித்தூள் அரைத்து வைத்திருக்கிறேன், சிக்கரி போடாதது. அடுத்த மாதம் உன் ஸ்நேகிதியின் அம்மா வருகிறார்களாம், அவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு கிலோவுக்கு மேல் தராதே என்று அம்மா சொல்கிறாள், ஒன்றரை வைத்திருக்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் போன் செய். கோயிலைப் பற்றிப் பேச வேண்டாம். அந்தப் பையனைப் பற்றிச் சொல். அவன் பெயர் என்ன என்று நீ சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரி விதிப்படி வெளியே சொல்லக் கூடாது என்றால், நீ அவனை மனதில் எப்படிக் கூப்பிடுகிறாயோ அதைச் சொன்னால் போதும். எனக்கு அந்த ஊர்ப் பெயரெல்லாம் வாயில் நுழையாது. இரண்டு முறை சொல்லிக்கொடு, பழகிக்கொள்கிறேன்.

உன் அப்பா